சூரியனின் மகுடம்

முன்னுரை

நாள் தவறாமல் நம் வாசலுக்கு வரும் விருந்தினர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் சூரியன் என்று சொல்லிவிடலாம். வயலில் நெல் விளைவதும், கடல் நீர் ஆவியாகி மழையாகப் பொழிவதும், உப்பளத்தில் உப்பு விளைவதும், கொடியில் துணி உலர்வதும் சூரியனால்தான். தைத் திங்கள் முதல் நாளன்று புதுப்பானையில் பொங்கலிட்டு நன்றி சொல்லும் வழக்கம் நம் நாட்டில் தொன்றுதொட்டு வருவதில் வியப்பில்லை.

ஆனால், பழகிய முகம் என்பதால் சூரியனைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. கோடானுகோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள விண்மீன்களின் வயதையும் எடையையும் கணக்கிட்டுச் சொல்லும் அறிஞர்கள், நம் தலைக்கு மேலே உள்ள சூரியனின் ஒரு கேள்விக்கு முழு விடை காண முடியாமல் எண்பது ஆண்டுகளாகத் தவிக்கிறார்கள். அடுப்பை விட்டு விலகி நின்றால் சூடு குறைய வேண்டும் அல்லவா? சூரியனிலோ, அதன் மேற்பரப்பை விட்டு விலகினால் சூடு பன்மடங்கு கூடுகிறது! இது எப்படி? இந்தக் கேள்வி எவ்வாறு எழுந்தது, விடை தேடி மனிதர் என்ன செய்தனர், அதனால் நமக்கு என்ன பயன் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சூரியன் எத்தகையது?

சூரியன் ஒரு விண்மீன். நமக்கு மிக அருகில் இருப்பதால்தான் அது இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. அருகில் என்றாலும் அது 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சூரிய ஒளி நம்மை வந்தடைய 8 நிமிடமும் 20 வினாடியும் ஆகின்றன. ஆகவே நாம் காணும் சூரியன் எட்டு நிமிடத்துக்கு முந்தைய சூரியனே.

சூரியனின் குறுக்களவில் 109 பூமிகளை வரிசையாக அடுக்கலாம். சூரியக் குடும்பத்தில் உள்ள பொருள் அனைத்தையும் ஒன்று திரட்டி 1,000 பங்காக்கினால், 998 பங்கு சூரியனிடமே இருக்கும். மீதியுள்ள இரண்டு பங்குக்குள் வியாழன், சனி, பூமி, சந்திரன் ஆகிய எல்லாம் அடங்கிவிடும்.

சூரியன் எதனால் ஆனது என்பதைக் கண்டறிந்தவர் ஓர் இளம்பெண். செசிலியா பெய்ன் என்னும் அவர் இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவின் ஹார்வர்டு வானிலையத்தில் ஆராய்ந்தவர். 1925-ஆம் ஆண்டில், தமது இருபத்தைந்தாம் வயதில், விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று கணக்கிட்டுக் காட்டினார். பூமியைப் போலவே விண்மீன்களும் இரும்பு முதலிய பொருள்களால் ஆனவை என்று நம்பிய காலம் அது. ஹென்றி நாரிஸ் ரசல் என்னும் பெரும் அறிஞர் இந்த முடிவு சரியாக இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அதனால் செசிலியாவும் தம் நூலில், இந்த எண்கள் உண்மையாக இருக்க இயலாது என்ற பொருள்படத் தாமே எழுத வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுகளுக்குப் பின் ரசல் வேறு வழியில் ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்து, செசிலியா கண்டது சரியே என்று ஒப்புக்கொண்டார்.

அந்த ஹைட்ரஜன்தான் சூரியனின் எரிபொருள். ஆனால் அது விறகு எரிவதுபோல் எரிவதில்லை. சூரியனின் நடுப்பகுதியில் வெப்பம் ஒன்றரைக் கோடி டிகிரி சென்டிகிரேடு. அங்கே ஹைட்ரஜன் அணுக்கருக்கள் நான்கு சேர்ந்து ஒரு ஹீலியம் அணுக்கருவாகின்றன. அப்போது சிறிதளவு பொருள் ஆற்றலாக மாறிவிடுகிறது. இவ்வாறு ஒவ்வொரு வினாடியும் சுமார் 40 லட்சம் டன் பொருளைச் சூரியன் ஆற்றலாக்கி வாரி வழங்குகிறது. அப்படியும் இன்னும் 500 கோடி ஆண்டுகளுக்குக் குறைவின்றி ஒளிரப் போதுமான ஹைட்ரஜன் அதனிடம் உண்டு.

மகுடத்தின் புதிர்

நடுவிலிருந்து வெளியே வர வர வெப்பம் குறைகிறது. நம் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பில் அது சுமார் 5,500 டிகிரி. இதுவரை எல்லாம் நாம் எதிர்பார்ப்பது போலவே இருக்கிறது. இதற்கு மேலேதான் புதிர் தொடங்குகிறது.

முழுச் சூரிய கிரகணத்தின்போது சந்திரன் சூரிய வட்டத்தை முழுவதும் மறைத்துவிடும். அந்தச் சில நிமிடங்களில் கருவட்டத்தைச் சுற்றி முத்து நிறத்தில் ஓர் ஒளிவட்டம் தோன்றும். இதற்குக் 'கொரோனா' என்று பெயர். கொரோனா என்றதும் 2020-ஆம் ஆண்டில் நம் பள்ளிகளையெல்லாம் மூட வைத்த நோய் நினைவுக்கு வரலாம். லத்தீன் மொழியில் கொரோனா என்றால் மகுடம். அந்நோய்க் கிருமியின் உருவமும் மகுடம் சூடியதுபோல் இருந்ததால் அதற்கும் அப்பெயர் வந்தது. நாம் இங்கே பேசுவது சூரியனின் மகுடத்தைப் பற்றி.

இந்த அரிய காட்சியைக் காண அறிஞர்கள் உலகமெங்கும் பயணம் செய்தனர். 1860-ஆம் ஆண்டுக் கிரகணத்தின்போது ரோம் நகரைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி ஆஞ்செலோ செக்கி ஸ்பெயின் நாட்டுக்குச் சென்று புகைப்படம் எடுத்தார். அவருடைய படங்களையும், வேறோர் இடத்தில் வாரன் டி லா ரூ எடுத்த படங்களையும் ஒப்பிட்டபோது, கருவட்டத்தின் ஓரத்தில் தெரியும் செந்நிறக் கொழுந்துகள் சந்திரனுடையவை அல்ல, சூரியனுடையவையே என்பது உறுதியாயிற்று.

1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் நிகழ்ந்த கிரகணம் நம் நாட்டில் நன்கு தெரிந்தது. அதைக் காண பிரான்சு நாட்டிலிருந்து ஜான்சன் என்பவர், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூருக்கு வந்தார். சூரியனின் செந்நிறக் கொழுந்துகளிலிருந்து வரும் ஒளியைப் பிரித்து, அதன் நிறமாலையை ஆராய்ந்தார். அந்த ஆண்டில் சூரிய ஒளியில் கண்டறியப்பட்ட ஒரு மஞ்சள் கோடு பூமியில் அறிந்த எந்தப் பொருளுக்கும் உரியதாக இல்லை. ஆகவே அது ஒரு புதிய தனிமம் என்று இங்கிலாந்தின் லாக்கியர் முடிவு செய்தார். கிரேக்க மொழியில் சூரியனுக்கு ஹீலியோஸ் என்று பெயர். அதனால் அத்தனிமம் 'ஹீலியம்' எனப்பட்டது. 1895-ஆம் ஆண்டில்தான் வில்லியம் ராம்சே அதைப் பூமியிலே கண்டறிந்தார்.

அடுத்த ஆண்டில், அதாவது 1869-இல், மகுடத்தின் ஒளியில் ஒரு பச்சைக் கோடு காணப்பட்டது. அதுவும் எந்தப் பொருளோடும் பொருந்தவில்லை. ஒருமுறை புதிய தனிமம் கிடைத்துவிட்டதல்லவா? ஆகவே இதையும் புதிய தனிமம் என்று எண்ணி 'கொரோனியம்' என்று பெயர் சூட்டினர். ஆனால் எழுபது ஆண்டுகள் தேடியும் கொரோனியம் எங்குமே கிடைக்கவில்லை. 1940 வாக்கில் ஜெர்மனியின் குரோட்ரியனும் சுவீடனின் எட்லெனும் உண்மையைக் கண்டுபிடித்தனர். அந்தப் பச்சைக் கோட்டைத் தந்தது புதிய பொருள் எதுவும் அல்ல, நமக்கு நன்கு தெரிந்த இரும்புதான்! ஆனால் அது தன் 26 எலெக்ட்ரான்களில் பாதியை, அதாவது பதின்மூன்றை இழந்துவிட்ட இரும்பு.

இரும்பு இத்தனை எலெக்ட்ரான்களை இழக்க வேண்டுமானால் வெப்பம் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். 5,500 டிகிரி உள்ள மேற்பரப்புக்கு மேலே பத்து, இருபது லட்சம் டிகிரி வெப்பமுள்ள மகுடம்! ஆவி பறக்கும் உலை நீரைவிட அதன் ஆவி நூறு மடங்குக்கு மேல் கொதிப்பதுபோல் அல்லவா இது இருக்கிறது? ஒரு பழைய புதிர் தீர்ந்தது. அதைவிடப் பெரிய புதிர் பிறந்தது.

மறுக்கப்பட்ட கட்டுரை

வால்வெள்ளி எந்தத் திசையில் சென்றாலும் அதன் வால் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீண்டிருக்கும். காற்றடிக்கும் திசையில் கொடி பறப்பதுபோல் இது தோன்றுகிறது. அப்படியானால் சூரியனிலிருந்து ஏதோ வீசுகிறதா?

அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த யூஜின் பார்க்கர் என்னும் இளம் அறிஞர் இதற்கு விடை கண்டார். மகுடம் இவ்வளவு வெப்பமாக இருந்தால் சூரியனின் ஈர்ப்பினால்கூட அதைக் கட்டி வைக்க முடியாது. அது வினாடிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் எல்லாத் திசைகளிலும் விரிந்து வீசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். இதற்குச் 'சூரியக் காற்று' என்று பெயர் தந்தார். நாம் சுவாசிக்கும் காற்று போன்றதல்ல இது. மின்னூட்டம் பெற்ற மிக நுண்ணிய துகள்களின் ஓட்டம்.

இக்கட்டுரையை ஓர் ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பியபோது, மதிப்பிட்ட அறிஞர்கள் இருவரும் இது ஏற்கத்தக்கதல்ல என்று எழுதிவிட்டனர். அவ்விதழின் ஆசிரியராக இருந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பின்னர் 1983-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். பார்க்கரின் கருத்தில் அவருக்கும் நம்பிக்கை ஏற்படவில்லை. ஆனாலும் கணக்கைச் சரிபார்த்தார். அதில் ஒரு பிழையும் இல்லை. கணக்கு சரியாக இருக்கும்போது கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மறுப்பது நியாயமல்ல என்று, 1958-ஆம் ஆண்டில் அக்கட்டுரையை வெளியிட்டார். 1935-இல், தாம் இளைஞராக இருந்தபோது, விண்மீன்களைப் பற்றிய தம் சரியான கணக்கை எடிங்டன் என்னும் பேரறிஞர் சபை நடுவே எள்ளி நகையாடியதை அனுபவித்தவர் அவர்.

விரைவிலேயே விண்கலங்கள் சூரியக் காற்றை நேரில் அளந்தன. 1962-ஆம் ஆண்டில் வெள்ளிக் கோளை நோக்கிச் சென்ற மாரினர்-2 என்னும் கலம், வழி முழுவதும் அக்காற்று இடைவிடாமல் வீசுவதைக் கண்டது. பார்க்கர் சொன்னது உண்மையாயிற்று.

சூரியனைத் தொட்ட கலம்

மகுடம் ஏன் கொதிக்கிறது என்பதைத் தொலைவிலிருந்து பார்த்து முடிவு செய்ய இயலாது. அங்கேயே சென்று பார்க்க வேண்டும். அறுபது ஆண்டு காலக் கனவாக இருந்த இப்பயணம் 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் தொடங்கியது. அமெரிக்காவின் நாசா நிறுவனம் அனுப்பிய அக்கலத்தின் பெயர் 'பார்க்கர் சூரிய ஆய்வுக்கலம்'. உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயரை நாசா ஒரு விண்கலத்துக்குச் சூட்டியது அதுவே முதல் முறை. தொண்ணூற்றொரு வயதான பார்க்கர், தம் பெயர் தாங்கிய கலம் புறப்பட்டதை நேரில் கண்டார். ஒரு காலத்தில் மறுக்கப்பட்ட அவருடைய 1958-ஆம் ஆண்டுக் கட்டுரையின் படியும் அக்கலத்திலேயே சூரியனுக்குச் சென்றது. பார்க்கர் 2022-ஆம் ஆண்டில் மறைந்தார்.

சூரியனின் ஈர்ப்பு மிகுதி என்பதால் அங்கே போவது எளிது, கீழே விழுவதுபோல் விழுந்துவிடலாம் என்று நாம் எண்ணலாம். உண்மை அதுவன்று. ஓடும் ரயிலிலிருந்து போட்ட கல் நேர் கீழே விழாமல் ரயிலோடு சேர்ந்து முன்னே செல்கிறது அல்லவா? அதுபோலப் பூமி வினாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. பூமியிலிருந்து புறப்படும் கலத்துக்கும் அந்த வேகம் இருக்கும். அதைக் குறைத்தால்தான் சூரியனை நெருங்க முடியும். ஆகவே இக்கலம் வெள்ளிக் கோளின் அருகே ஏழு முறை சென்று, அதன் ஈர்ப்பால் ஒவ்வொரு முறையும் தன் பாதையைக் குறுக்கிக்கொண்டது.

பத்து லட்சம் டிகிரி வெப்பத்தில் கலம் உருகிவிடாதா? தீபாவளியன்று கம்பி மத்தாப்பிலிருந்து சிதறும் பொறிகளை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பொறியின் வெப்பமும் 1,000 டிகிரிக்கு மேல். ஆனாலும் ஒன்றிரண்டு கையில் பட்டால் கை வெந்துவிடுவதில்லை, ஏனெனில் பொறி மிகச் சிறியது. மகுடத்தின் துகள்களும் அப்படியே. வெப்பம் மிகுதி, எண்ணிக்கை மிகக் குறைவு. கலத்தைச் சுடுவது பெரும்பாலும் சூரிய ஒளிதான். அதைத் தடுக்க முன்புறத்தில் கார்பனால் ஆன ஒரு கேடயம் உள்ளது. அதன் பருமன் பதினொன்றரை சென்டிமீட்டர் மட்டுமே. கேடயத்தின் முன்பக்கம் ஏறத்தாழ 1,400 டிகிரி வெப்பத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டது. அதன் பின்னால் கருவிகள் இருக்கும் இடத்திலோ சுமார் 30 டிகிரிதான். நம் ஊர் வகுப்பறையின் வெப்பம்!

பூமியிலிருந்து ஆணை போய்ச்சேர எட்டு நிமிடம் ஆகும். அதற்குள் கலம் சற்றே சாய்ந்தாலும் கருவிகள் கருகிவிடும். ஆகவே கேடயத்தின் நிழல் விலகினால் உடனே உணர்ந்து, எவர் உதவியும் இன்றித் தன்னைத் தானே நேர்ப்படுத்திக்கொள்ள அக்கலத்துக்கு வசதி செய்யப்பட்டுள்ளது.

2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள், சூரியப் பரப்பிலிருந்து சுமார் 1 கோடியே 30 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், பார்க்கர் கலம் முதன்முதலாக மகுடத்துக்குள் நுழைந்தது. மனிதன் செய்த ஒரு பொருள் ஒரு விண்மீனைத் தொட்டது அன்றுதான். பின்னர் 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், நாமெல்லாம் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் குடில் அமைத்துக்கொண்டிருந்த அன்று, அது சூரியப் பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் தொலைவு வரை நெருங்கியது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை ஒரு மீட்டர் கோலாக வைத்துக்கொண்டால், கலம் நான்கு சென்டிமீட்டர் கோடு வரை போய்விட்டது எனலாம். அப்போது அதன் வேகம் மணிக்கு 6 லட்சத்து 90 ஆயிரம் கிலோமீட்டர். அவ்வேகத்தில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு நான்கே வினாடியில் போய்விடலாம்! அந்த நாள்களில் கலத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டு நாள் கழித்து, தான் நலம் என்று அது அனுப்பிய சிறு குறிப்பொலி வந்து சேர்ந்தபோதுதான் அறிஞர்கள் நிம்மதியடைந்தனர்.

கண்டறிந்தவை

சூரியனின் காந்தப்புலக் கோடுகள் நேராக வெளியே நீள்வதற்குப் பதில், ஆங்காங்கே கொண்டை ஊசி வளைவுபோல் திடீரெனத் திரும்பி மீண்டும் நேராவதைப் பார்க்கர் கலம் ஏராளமாகக் கண்டது. வேகமான சூரியக் காற்று, மேற்பரப்பில் காந்தக் கோடுகள் அறுந்து மறுபடி இணையும் இடங்களிலிருந்து பீறிட்டு வருவதற்கான சான்றுகளை 2023-ஆம் ஆண்டில் அறிஞர்கள் வெளியிட்டனர்.

மகுடத்தின் வெப்பத்துக்கு இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, மீட்டிய தந்தியில் அதிர்வு ஓடுவதுபோல் காந்தக் கோடுகளில் அலைகள் ஓடி, மேலே சென்று தம் ஆற்றலை வெப்பமாக்குகின்றன என்பது. இவ்வலைகளை 1942-ஆம் ஆண்டிலேயே முன்னறிவித்த ஆல்வேன் 1970-இல் நோபல் பரிசு பெற்றார். இரண்டாவது, எண்ணற்ற சின்னஞ்சிறு வெடிப்புகள் இடைவிடாமல் நிகழ்ந்து மகுடத்தைச் சூடேற்றுகின்றன என்பது. இதைச் சொன்னவரும் பார்க்கர்தான்.

2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு நல்வாய்ப்பு அமைந்தது. சூரியக் காற்றின் ஒரே ஓட்டத்தை முதலில் பார்க்கர் கலமும், இரண்டு நாள் கழித்துச் சற்று வெளியே இருந்த ஐரோப்பியக் கலமான 'சோலார் ஆர்பிட்ட'ரும் அளந்தன. இடைவழியில் அலைகள் தம் ஆற்றலை இழந்திருந்தன. காற்றோ வெப்பமும் வேகமும் பெற்றிருந்தது. அலைகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பதற்கு இது நல்ல சான்று. ஆயினும் மகுடத்தின் அடிப்பகுதியில் எந்தக் காரணம் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பது இன்னும் தீரவில்லை.

நமக்கு என்ன கவலை?

"சூரியன் எப்படி இருந்தால் நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். சூரியனில் சில வேளைகளில் பெரும் வெடிப்பு ஏற்பட்டு, கோடிக்கணக்கான டன் பொருள் மேகம்போல் வீசியெறியப்படுகிறது. அது பூமியை நோக்கி வந்தால் ஒன்று முதல் மூன்று நாளில் வந்து மோதும். பூமியின் காந்தப்புலம் நம்மைக் காக்கிறது. ஆனால் அப்புலமே அப்போது நடுங்குகிறது.

1859-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் இங்கிலாந்தில் காரிங்டன் என்பவர் சூரியப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது, அவற்றின் மேல் வெண்ணிற ஒளி பளிச்சிட்டதைக் கண்டார். மறுநாளே தந்திக் கம்பிகளில் தானாக மின்சாரம் பாய்ந்தது. தந்தி அலுவலர் சிலருக்கு மின் அதிர்ச்சி ஏற்பட்டது. துருவப் பகுதியில் மட்டும் தெரியும் வண்ண ஒளி வெப்ப நாடுகளிலும் தெரிந்தது. பம்பாயில் கொலாபா ஆய்வகத்தில் காந்த ஊசி பெரிதும் அலைந்ததைக் குறித்து வைத்தனர்.

அன்று தந்தி மட்டுமே இருந்தது. இன்று? 1989-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள் ஏற்பட்ட சூரியப் புயலால், கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் ஒன்றரை நிமிடத்துக்குள் மின்சாரம் முழுவதும் நின்றது. 60 லட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் கடுங்குளிரில் மின்சாரமின்றி இருந்தனர். 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் இருபது ஆண்டுகளில் காணாத வலிய புயல் வீசியபோது, நம் நாட்டில் லடாக்கின் ஹான்லே வானிலேயே செந்நிற ஒளி தெரிந்தது. கடலில் மீனவருக்கு வழிகாட்டும் கருவி, வானொலி, தொலைபேசி, புயல் எச்சரிக்கை ஆகிய எல்லாம் செயற்கைக் கோள்களை நம்பியுள்ள இக்காலத்தில், சூரியப் புயலை முன்கூட்டி அறிவது வங்கக் கடலின் புயலை அறிவதுபோலவே தேவையாகிவிட்டது.

நம் நாட்டுக் காவலர்கள்

இதற்காகவே நம் நாடு 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'ஆதித்யா எல்-1' கலத்தை அனுப்பியது. அது 2024-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் தனக்குரிய இடத்தை அடைந்தது. பூமியிலிருந்து சூரியனை நோக்கி 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள இடம் அது. அங்கே இருக்கும் கலம் பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றிவரும். கிரகணமோ இரவோ அங்கே கிடையாது. ஊர் எல்லையில் நிற்கும் காவலரைப் போல, சூரியக் காற்று நம்மை அடைய அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பே அதை அறியலாம். ஆதித்யாவில் ஏழு கருவிகள் உள்ளன. அவற்றில் முதன்மையானது சூரிய வட்டத்தை மறைத்து மகுடத்தை மட்டும் பார்க்கும் கருவி. இதைச் செய்தது பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம்.

ஆதித்யா திட்டத்தின் இயக்குநராக இருந்து அதை வெற்றிபெறச் செய்தவர் நிகார் ஷாஜி. இவர் நம் தென்காசிச் சீமையின் செங்கோட்டையில் பிறந்து, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் பயின்றவர்.

அதே வான் இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்ததுதான் கொடைக்கானல் சூரிய ஆய்வகம். சுற்றுலா செல்வோரில் பலர் ஏரியையும் தூண் பாறையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். 1899-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அந்த ஆய்வகத்தில்தான், 1909-ஆம் ஆண்டு ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுவதைக் கண்டறிந்தார். உலகெங்கும் அது 'எவர்ஷெட் விளைவு' என்றே வழங்கப்படுகிறது. அவர் மனைவி மேரி எவர்ஷெட்டும் வானியல் அறிஞர்; சூரியனின் செந்நிறக் கொழுந்துகளை இருவரும் சேர்ந்து ஆராய்ந்து வெளியிட்டுள்ளனர்.

கொடைக்கானலின் தலைசிறந்த செல்வம் அங்குள்ள படங்கள். 1904-ஆம் ஆண்டு முதல், மேகம் மறைக்காத நாள்களில் தவறாமல் சூரியனைப் படம் எடுத்து வருகின்றனர். எடுத்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு நாள் படத்தால் பெரிய பயன் எதுவும் தோன்றாது. ஆனால் நூறு ஆண்டுப் படங்களையும் அடுக்கிப் பார்த்தால், சூரியப் புள்ளிகள் சுமார் பதினோர் ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறையும் வரலாறு முழுவதும் கண்முன் நிற்கிறது. இன்று அவை கணிப்பொறியில் பதிவு செய்யப்பட்டு உலக அறிஞர்கள் அனைவருக்கும் பயன்படுகின்றன.

முடிவுரை

அன்புத் தோழியரே! சூரியனைப் பற்றிய அறிவு ஒரே நாளில் வந்ததல்ல. கேடயம் ஏந்திச் சென்ற கலத்தின் துணிவும் வேண்டியிருந்தது. மலை மேல் தினம் ஒரு படம் எடுத்த கைகளின் பொறுமையும் வேண்டியிருந்தது. பெரியோர் மறுத்தபோதும் செசிலியாவின் எண்களும் பார்க்கரின் கணக்கும் அழிந்துவிடவில்லை. நாமும் நம் கணக்கை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்ப்போம். சரியாக இருந்தால் தயங்காமல் சொல்லப் பழகுவோம். பிறர் சொல்லும் கருத்து நமக்குப் பிடிக்காவிட்டாலும், சந்திரசேகரைப் போல அதை நேர்மையாக ஆராய்வோம்.

எங்கள் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். "பெண்ணுக்கு எதற்கு வானியல்?" என்று யாரேனும் கேட்டால் செங்கோட்டையைச் சுட்டிக் காட்டுங்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்த நேரும் எங்கள் தோழியருள், மகுடத்தின் புதிரை அவிழ்க்க வல்ல ஒருத்தி இருக்கக் கூடும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. சூரியனை வெறுங்கண்ணாலோ, தொலைநோக்கியாலோ, எக்ஸ்ரே படத்தாலோ ஒருபோதும் பார்க்கக் கூடாது, பார்வையே போய்விடும். ஓர் அட்டையில் ஊசித்துளையிட்டு, அதன் வழியே வரும் ஒளியை வெள்ளைத் தாளில் விழச் செய்தால் சூரியனின் சிறு உருவம் அழகாகத் தெரியும். அதைத் தாளின் மேல் மட்டும் பாருங்கள். கிரகணத்தின்போது அவ்வுருவம் பிறையாகத் தேய்வதையும் அத்தாளிலேயே காணலாம். கையில் உள்ள ஓர் அட்டையும் ஓர் ஊசியும் போதும்; சூரியனை ஆராயும் வேலையை இன்றே தொடங்கிவிடலாம்.